சுத்தமான கை

கடையநல்லூரில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு மருந்துக் கடை. அம்மாவுக்கு இன்சுலின் போடுகிற ஸிரிஞ்ச் வாங்க நின்றிருந்தேன். முன்னால் இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பையன். ஒரு ஸிரிஞ்ச் கேட்டான். கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார், அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை இழுத்துவிட்டிருந்த சட்டைக் கையைப் பார்த்தார், 'இல்லை' என்றார். அடுத்த நிமிஷம் பத்து அடங்கிய பாக்கெட்டை எனக்கு எடுத்துக் கொடுத்தார். சீட்டுக்கூடக் கேட்கவில்லை. படி இறங்குகையில் பையன் ஓரமாக நின்று, 'அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு தாங்க, துட்டு தாரேன்' என்றான். காதில் விழாதவன் போல நடந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். சரியானதைச் செய்துவிட்ட திருப்திகூட அன்று எனக்கு இருந்தது. அந்தத் திருப்திதான் பிற்பாடு உறுத்த ஆரம்பித்தது.

ஊசி கிடைக்காததால் அவன் போதையை விட்டிருக்கப் போவதில்லை. வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறவன், இன்னொருவன் போட்டு முடித்ததை வாங்கிப் போட்டுக்கொள்வான். குழலுக்குள் தங்கிவிடுகிற முந்தினவனின் ரத்தத் துளி போதும், எச்.ஐ.வி.க்கும் ஹெபடைடிஸ் சி.க்கும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் செய்த ஆய்வில் தெரியவந்தது. மணிப்பூரில் அது ஊசி வழியாகப் போயிற்று. 1989 செப்டம்பர் வரை ஊசி போடுகிறவர்களிடம் தொற்றே தென்படவில்லை; ஆறே மாதத்தில், சோதித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருந்தது. நாம் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு கூட்டி முடிப்பதற்குள் இது நடந்துவிடுகிறது.

பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்கும் யோசனை பெரிய ஸ்தாபனம் எதிலும் பிறந்ததல்ல. 1984இல் ஆம்ஸ்டர்டாமில், போதை உபயோகிப்பவர்களே நடத்திய சங்கம் ஆரம்பித்தது. அப்போது பயம் ஹெபடைடிஸ் பி.யைப் பற்றி.

நம் சட்டத்தின் கதை விநோதமானது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் வெற்று ஊசியை வைத்திருப்பது தனிக் குற்றமாக எழுதப்படவில்லை. ஆனால் உட்கொள்வது குற்றம்; உடந்தையாக இருப்பது குற்றம்; குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி பறிமுதலுக்கு உரியது. ஊசி கொடுக்கப் போகிறவன் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டியிருந்தது. 2017இல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆவது பிரிவு அவனை விடுவித்தது. அதில் ஒரு உதாரணம் வருகிறது: பதிவு பெற்ற பரிமாற்றத் திட்டத்தை நடத்தும் எக்ஸ், ஒய் என்பவனிடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசியைத் தருகிறான்; இருவர் மீதும் குற்றமில்லை. நம் உரையாசிரியர்கள் சாத்தனையும் கொற்றனையும் வைத்து இலக்கணம் சொன்ன மாதிரிதான். ஒய்யின் ஊசிக்குள் இருப்பது மட்டும் இன்னமும் குற்றம். அதோடு நான் பதிவு பெற்றவன் அல்ல. ஆனால் படி இறங்கும்போது நான் சட்டத்தை யோசித்ததாகச் சொன்னால் அது பொய்.

இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு சிங்கப்பூரோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கும். தறி ஓய்ந்த வீடுகளுக்கு அங்கிருந்து பணம் வந்திருக்கிறது. அங்கே 1973ஆம் வருஷத்துச் சட்டப்படி, போதை ஏற்றவென்று ஸிரிஞ்சை வைத்திருப்பதே குற்றம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அப்பால் ஜோகூர் பாருவில், 2006 முதல் ஊசி பரிமாற்றம் நடந்திருக்கிறது. தார்மீகம் ஒரு பாலத்தைத் தாண்டுவதற்குள் மாறிவிடுமானால் அதை எங்கே வைத்துக்கொள்வது?

கத்தி விற்றவன் கொலைக்குப் பொறுப்பா என்ற பழைய வாதத்தில் நான் ஒளிந்துகொள்ள முடியாது. கத்தி விற்பவனுக்கு எதற்கென்று தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்து கொடுப்பது துணைபோவதுதான் என்று, பிள்ளையை இதில் பறிகொடுத்த ஒரு தாய் சொன்னால், அவள் முன்னால் புள்ளிவிவரம் பேச எனக்கு வாய் வராது. அவள் கோபம் நியாயமானது. ஆனால் என் மறுப்பு அந்தக் கோபத்திலிருந்து வந்ததல்ல. அவன் எக்கேடு கெட்டாலும் அதில் என் கை படக்கூடாது என்பதிலிருந்து வந்தது. அவன் நரம்பை நான் நினைக்கவே இல்லை, என் கையைத்தான் நினைத்தேன். இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைப்பது சௌகரியமாக இருக்கிறது. (அரசாங்கமே 2003 முதல் கடை போட்டுச் சாராயம் விற்கிற மாநிலத்தில், குடிக்கிறவனுக்குத் தம்ளர் எடுத்துக் கொடுக்க யாரும் யோசிப்பதில்லை என்பது வேறு.)

பரிமாற்றம் என்ற சொல்லையே நாம் சரியாகக் கேட்பதில்லை. பழையதைக் கொடுக்க அவன் திரும்பி வர வேண்டும். வருகிற ஒவ்வொரு தடவையும் ஒருவர் அவன் முகத்தைப் பார்க்கிறார், கையில் சீழ் வைத்திருக்கிறதா என்று கேட்கிறார். விடலாமா என்று என்றாவது அவனுக்குத் தோன்றினால் சொல்வதற்கு ஒரு ஆள் இருக்கிறார். அன்றைக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட நான் அந்த ஆளாகியிருக்க மாட்டேன். பிச்சை போட்டவனாகி, வேகமாக நடந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாக்கெட்டைப் பிரித்து எண்ணினாள். ஒரே ஸிரிஞ்சை நாலைந்து நாள் வைத்துப் போட்டுக்கொள்கிறவள் அவள். டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டாள். 'பத்து இருக்கே, ஒண்ணரை மாசத்துக்குக் காணும்' என்றாள்.