வயலுக்குத் துப்பாக்கி ஏந்திச் செல்லலாமா?

பஞ்ச சீலத்தை ஏற்று வாழும் இல்லறத்தான் ஒருவன், தன் சொந்த நிலத்தில் வேலி அடைக்கவும், களை பறிக்கவும், மேய்ச்சலுக்குப் போன மாட்டைத் தேடவும் செல்லும்போது, இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு செல்வது தகுமா? அவன் எவரையும் கொல்லக் கருதவில்லை, வேட்டைக்கும் போகவில்லை. பகல் முழுவதும் உழைத்துவிட்டு, ஒரு குண்டும் செலவாகாமல் மாலையில் வீடு திரும்புகிறான். இதில் சீலத்திற்கு என்ன குறை நேர்ந்தது? இக்கேள்வியை ஈண்டு நாம் ஆராய எண்ணுகிறோம்.

அமெரிக்க நாட்டின் கிராமப்புறங்களில் இவ்வாறு துப்பாக்கியுடன் நிலவேலைக்குச் செல்வது பலருக்கு வழக்கமாக உள்ளது. பாம்பு, பயிரை அழிக்கும் பன்றி, பிழைக்க வழியின்றி அடிபட்டுக் கிடக்கும் கால்நடை, வேலிக்குள் நுழையும் அந்நியன் என்று அவர்கள் காரணங்களை அடுக்குவர். காவல் நிலையம் வெகு தொலைவில் இருக்கிறது என்பதும் அவற்றுள் ஒன்று. நம் நாட்டுச் சட்டம் இவ்வளவு இடம் தருவதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். பயிர்க் காவலுக்கு என்று அச்சட்டம் குறிப்பிடுவது, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியையே. அது போதாது என்று அதிகாரி கண்டால், உட்புறம் வழவழப்பாகவும் நீளம் 20 அங்குலத்திற்குக் குறையாமலும் உள்ள குழலையுடைய துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். கைத்துப்பாக்கி வேண்டுவோன் அதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும்.

எனினும் நம் நாட்டிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. குடகு இனத்தாரும், குடகில் ஜம்மா நிலம் உடையோரும், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலிருந்தே உரிமம் பெறாமல் துப்பாக்கி வைத்திருக்கும் விலக்கைப் பெற்றுள்ளனர். 2019இல் மத்திய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. அங்கே நாற்று நடவு முடிந்த பின், செப்டம்பர்த் திங்களில் கைல்போள்த் என்னும் விழா நடைபெறுகிறது. உழவுக் கருவிகளைத் துலக்கி வைப்பார்கள். துப்பாக்கிகளுக்குச் செங்காந்தள் மலர் சூட்டி வழிபடுவார்கள். ஏரும் துப்பாக்கியும் ஒரே திருநாளில் சிறப்புப் பெறுகின்றன.

இதனைக் கண்டு நாம் வியப்படைய வேண்டுவதில்லை. தமிழரும் ஏரை உழுபடை என்றழைத்தவரே. ஆயுத பூசை நாளில் தச்சரின் உளியும், தையற்காரரின் கத்தரியும், இயந்திரத் தொழிலாளியின் திருப்புளியும் ஆயுதம் என்ற ஒரே பெயரால் பூச்சூடி நிற்கின்றன. துப்பாக்கி ஏந்தி வயலுக்குச் செல்வோர் கூறும் முதல் வாதமும் இதுவேயாகும். மண்வெட்டி ஒரு கருவி, அரிவாள் ஒரு கருவி, துப்பாக்கியும் ஒரு கருவி. நன்மையும் தீமையும் பிடிக்கும் கையில் உள்ளனவேயன்றிக் கருவியில் இல்லை என்பர்.

இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. செயலின் வேர் சேதனையே, அஃதாவது எண்ணமே என்பது பகவான் புத்தரின் போதனை. உயிர்க்கொலை நிறைவுற ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். ஓர் உயிர் இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு என்பன அவை. துப்பாக்கியைச் சுமந்து நடப்பவனிடம் இவற்றுள் பின் மூன்றும் இல்லை. ஆதலின் சுமத்தல் ஒன்றினாலேயே அவன் முதற்சீலத்தை மீறிவிட்டான் என்று சொல்வது நியாயமாகாது. ஆயுத வாணிகத்தைப் பகவான் இல்லறத்தாருக்கு விலக்கினார். ஆயுதம் வைத்திருக்கும் இல்லறத்தானைச் சங்கத்தின் வாயிலிலிருந்து விரட்டவில்லை. அரசரும் படைத்தலைவரும் அவரிடம் வந்து அறம் கேட்டுள்ளனர்.

ஆனால் எஞ்சிய பாதியை நாம் காண வேண்டும். மண்வெட்டி பயன்படாத நாள் வீணான நாள். துப்பாக்கி பயன்படாத நாளோ நல்ல நாள். சுமப்பவனும் அவ்வாறே விரும்புகிறான். ஓராண்டில் 365 நாளும் சுமந்து, ஒருநாளும் சுடாமல் இருப்பதே அவனது வேண்டுதல். அவ்வாறாயின், சுடாத அத்தனை நாட்களிலும் அது சும்மாவா கிடக்கிறது? இல்லை என்பதே நம் கருத்து. வெடிக்காத துப்பாக்கியும் நாள்தோறும் வேலை செய்கிறது. அவ்வேலை நிகழும் இடங்கள் மூன்று.

முதலாவது, சுமப்பவனது உள்ளம். சுத்த நிபாதத்தில் அத்ததண்ட சூத்திரம் என்று ஒன்று உண்டு. தண்டத்தைக் கையில் எடுத்தவன் என்பது அப்பெயரின் பொருள். அச்சம் முதலில் தோன்றுகிறது, அதனால் ஆயுதம் எடுக்கிறோம் என்பது உலக வழக்கு. ஆயுதம் எடுத்தலினின்றே அச்சம் பிறக்கிறது என்னும் மாற்றுக் கருத்தோடு அச்சூத்திரம் தொடங்குகிறது. சிறிது சிந்திப்போர் இதன் உண்மையை உணர்வர். இடுப்பில் அந்தச் சுமை உள்ளவரை, புதரில் எழும் ஒவ்வோர் ஓசையும், வரப்பில் தோன்றும் ஒவ்வொரு புதிய உருவமும், "இது அதற்கான வேளையோ?" என்று அவனைக் கேட்டுக்கொண்டேயிருக்கும். உழவனுக்குரிய கண் பயிரையும் வானத்தையும் பார்க்கும். அவன் கண்ணோ பகையைத் தேடுகிறது. நன்மனக் கடைப்பிடியும் அச்சக் கடைப்பிடியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பினும், ஒன்று மனத்தைத் தெளிவிக்கிறது, மற்றது கலக்குகிறது.

இரண்டாவது, எதிரில் வருவோரது உள்ளம். விறகு பொறுக்க வந்த மூதாட்டி, தப்பியோடிய ஆட்டைத் துரத்தி வந்த சிறுவன், கூலி பாக்கியைக் கேட்க வந்த தொழிலாளி ஆகியோரும் வேலியைத் தாண்டி வருவர். குடகின் காப்பித் தோட்டங்களில் கூலிவேலை செய்வோருள் தமிழரும் உளர். நில உடைமையாளர் ஒருவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூலிக்கணக்குப் பேசினால், அவர் மிக நல்லவராகவே இருப்பினும், எதிரில் நிற்பவன் நா முழுமையாக எழாது. இதனை விளக்கிக் கூற நமக்கு நூல் வேண்டுவதில்லை. ஆயுதம் ஏந்திய ஆண்டையின் முன் கைகட்டி நின்ற முன்னோரின் வழிவந்தவர் நாம். அந்நிலையை நாம் இன்னொருவனுக்கு அளிக்கலாகாது.

மூன்றாவது, வீடு. மாலையில் துப்பாக்கி உழவனோடு வீட்டுக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் பகைவன் கையால் மாளவில்லை. தம் துயரத்தின் கையால் மாண்டனர். சாகும் எண்ணம் பலருக்குச் சில நாழிகையில் வந்து நீங்கிவிடுவது. அந்நேரத்தில் கைக்கெட்டிய தூரத்தில் கொடிய பொருள் இல்லாதிருப்பதே உயிரைக் காக்கிறது. இலங்கை அரசு 1990களில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தபின், சுமார் பத்தாண்டுகளில் அங்குத் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகக் குறைந்ததனால் அன்று. நஞ்சு எட்டாமற் போனதனால். கடனும் வறட்சியும் உழவனை விட்டு நீங்காத இக்காலத்தில், அவன் கூரைக்குள் கொடிய கருவி ஒன்றைச் சேர்ப்பதைப் பலமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எதிர்வினா எழும். "நீங்கள் கூறுவன யாவும் சரி. ஆனால் பாம்பு உண்மை, பன்றி உண்மை, யானை உண்மை, பகைவனும் உண்மை. தனியே வயலில் நிற்பவனுக்கு உங்கள் விடை என்ன?" இவ்வினா நேர்மையானது. இதற்கு விடை கூறாமல் அறம் பேசுவது நிழலில் அமர்ந்து வெயிலைப் பழிப்பதாகும்.

பாம்பை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. வயல்வேலையில் உள்ள பெரும் ஆபத்துகளுள் இது ஒன்று. ஆனால் இதற்குக் கைத்துப்பாக்கி மருந்தன்று. கடித்த பின்னரே பலர் பாம்பைக் காண்கின்றனர். காலுக்கு நல்ல பாதரட்சை, இரவில் கைவிளக்கு, அருகிலுள்ள மருத்துவமனையில் நச்சு முறிமருந்து ஆகியவையே காக்கும். அம்மருந்து எங்கிருந்து வருகிறது? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. அவர்கள் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். முறிமருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாம்போடு மிக நெருங்கி வாழ்வோர் அதனை உயிரோடு விடுகின்றனர் என்பதும், அதனாலேயே பிற உயிர்கள் பிழைக்கின்றன என்பதும் நம் சிந்தனைக்கு உரியவை.

யானையின் முன் கைத்துப்பாக்கி விளையாட்டுப் பொருள். காயமுற்ற யானையோ முன்னிலும் கொடிது. பன்றியைப் பொறுத்தவரை, ஓரிரவில் ஓராண்டு உழைப்பை இழந்தவனது கண்ணீரை நாம் எளிதாக எண்ணலாகாது. கேரள அரசு 2022இல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. கொலை கொலையே, ஆணையினால் அது புண்ணியமாகிவிடாது. எனினும் ஒருவன் சினத்தில் ஒரு நொடியில் செய்வதற்கும், ஊர் பொறுப்பேற்று, வேறு வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்வதற்கும் வேறுபாடு உண்டு. வேலியும் இழப்பீடும் கேட்டு ஊராக நின்று போராடுவது, ஒவ்வொருவனும் தனித்தனியே துப்பாக்கி தேடுவதினும் மேலானது.

இறுதியாகப் பகைவன். நம் மக்களுக்கு இதுவே மெய்யான சோதனை. நம்மவர் கையில் ஒரு துண்டு நிலம் இருப்பதையே பொறாதவர் உள்ள ஊர்கள் இன்றும் உண்டு. அத்தகைய ஊரில் தனியே ஏர் பிடிப்பவனிடம், "அஞ்சாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர முடியாது. சீலம் எவரையும் அடிபட்டுச் சாகச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யாத அளவில், தற்காப்பு உரிமையை ஒப்புகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகள் இன்னும் ஒரு படி செல்கின்றன. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதியில், தேவையானால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம் என்கின்றன. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினரும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பட்டியலில் இடம் பெற்றவரே. ஆகவே அந்த உரிமை நமக்கும் உண்டு.

ஆனால் அவ்விதிகள் எண்ணிச் சொல்லும் வரிசையை நோக்குக. அச்சுறுத்தக்கூடிய பிறரது ஆயுத உரிமங்களை நீக்கி, அவ்வாயுதங்களை அரசின் கிடங்கில் சேர்த்தல் முன்னே நிற்கிறது. உரிமமற்ற ஆயுதங்களைப் பறிமுதல் செய்தல் அடுத்து நிற்கிறது. அஞ்சுவோனுக்கு உரிமம் அளித்தல் அவற்றின் பின்னரே வருகிறது. நாமும் இவ்வரிசையையே கைக்கொள்வோமாக. முதலில் ஓங்கிய கையிலிருந்து ஆயுதத்தை இறக்கக் கோருவோம். தனியே செல்பவனோடு நால்வராகச் செல்வோம். அவன் புகாரைக் காவல் நிலையத்தில் பதிவு செய்யும்வரை உடன் நிற்போம். இவை யாவும் செய்த பின்னும் ஒருவன் உயிருக்கு அஞ்சி ஆயுதம் வைத்திருப்பின், அவனைப் பழிக்கும் தகுதி நமக்கு இல்லை. அவனைத் தனியே விட்டவர் நாமாயின், அவன் இடுப்பிலுள்ள துப்பாக்கியில் நமக்கும் பங்குண்டு.

பிக்குகளுக்கு விதிக்கப்பட்ட 75 சேகிய ஒழுக்கங்களுள் ஒன்று, நோயற்ற ஒருவன் கையில் ஆயுதம் ஏந்தியிருக்கும்போது அவனுக்கு அறம் உரைத்தலைத் தடுக்கிறது. அது அவனை வெறுக்கும் விதியன்று. ஆயுதத்தைக் கீழே வைத்த நொடியில் அவன் அறம் கேட்கத் தகுதியுடையவன் ஆகிறான். ஆதலின் காவற்பணியாலோ, தவிர்க்க இயலாத ஆபத்தாலோ ஆயுதம் சுமக்க நேர்ந்தவர், வீடு வந்ததும் குண்டுகளை நீக்கி, அதனைப் பூட்டி வைத்து, கைகழுவித் தம் மக்களோடு அமர்வாராக. அத்தகைய தேவை இல்லாதவர், வயலுக்குச் செல்லுமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக: இன்று நாம் அஞ்சுவது எதற்கு? அதன் பெயர் என்ன? அதற்கு ஏற்ற காவல் யாது? அச்சத்திற்குப் பெயர் கிடைத்துவிடின், பெரும்பாலும் ஒரு விளக்கோ, பாதரட்சையோ, கூட வரும் ஒரு தோழனோ போதும் என்பது விளங்கும்.