வைத்தியர் காக்கும் இரகசியமும் விசுவாசியின் நாவும்



உபவாச ஜெபத்திலே இப்படி ஒரு விண்ணப்பத்தைக் கேட்டிருப்பீர்கள். "ஒரு சகோதரனுக்காக ஜெபிச்சுக்கோங்க. பேரு வேண்டாம். லாரிக்குப் போறவரு. பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்திருக்காங்க..." பேர் சொல்லவில்லைதான். ஆனால் ஆமென் சொல்லி எழும்புவதற்குள் ஆள் யாரென்று சபைக்கே தெரிந்துபோகும். டாக்டர் வாயைத் திறக்கவில்லை, நாம் திறந்துவிட்டோம்!

நோயாளியின் இரகசியத்தை டாக்டர் ஏன் காக்கிறார்? வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனுஷன் உள்ளதை உள்ளபடி சொல்லுவான். அந்த நம்பிக்கை போனால் பரிசோதனைக்கே வரமாட்டான். வியாதி மறைவிலே பரவும். ஆகவே டாக்டரின் மௌனம் அந்த ஒருவனை மட்டுமல்ல, ஊரையும் காக்கிறது.

சரி, அந்த மௌனத்தாலேயே வேறொரு ஜீவனுக்கு ஆபத்து வந்தால்?

நம் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி அவர்கள் தம் கதையை உலகறியச் சொல்லியிருக்கிறார். 1995-ல் அவரை லாரி ஓட்டுகிற சொந்தக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருந்தது அவரிடம் மறைக்கப்பட்டது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே தமக்கும் அந்தத் தொற்று இருப்பதை அறிந்தார். 1998-ல் தம்மைப்போன்ற பெண்களுக்காக ஒரு அமைப்பையே தொடங்கினார்.

அதே 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்னையில் ரத்ததானம் செய்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, செய்தி வெளியாகி, நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டது. அவர் மருத்துவமனைமேல் வழக்குப் போட்டார். இரகசியம் காப்பது கடமைதான். ஆனால் மணக்கப்போகிற பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்றால் அந்தக் கடமைக்கும் எல்லை உண்டு என்றது நீதிமன்றம்.

அந்த எல்லையை 2017-ல் இயற்றி, 2018-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. டாக்டரோ ஆலோசகரோ முதலில் நோயாளியையே சொல்லும்படி புத்தி சொல்லவேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று கண்டால், "நான் சொல்லப்போகிறேன்" என்று அவருக்கு அறிவிக்கவேண்டும். பிறகு ஆபத்திலிருக்கிற துணையிடம் மட்டும், நேரில், ஆலோசனையோடு சொல்லலாம். தெருவுக்கு அல்ல, மாமியாருக்கு அல்ல, முதலாளிக்கும் அல்ல!

நம்பிச் சொன்னதை வெளியிடக்கூடாது என்ற சட்டம் டாக்டருக்கு மட்டும் அல்ல, போதகருக்கும் விசுவாசிக்கும் உண்டு.

தேவ பிள்ளைகளே, இது நமக்குப் புதிதல்ல. மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் குஷ்டரோகியைச் சுகமாக்கினார். ஒருவரிடமும் சொல்லாதே என்றார். ஆனாலும் ஆசாரியனுக்குக் காண்பி என்று அனுப்பினார். கவனித்தீர்களா? வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கு அது தேவையில்லை. அறியவேண்டிய பொறுப்பு ஆசாரியனுக்கு இருந்தது. நியாயப்பிரமாணம் அதை அவனிடத்தில் ஒப்புவித்திருந்தது.

அப்படியானால், கல்யாணத்துக்கு நிற்கிற வாலிபன் தன் வியாதியைப் போதகரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஊருக்குச் சொல்லக்கூடாது. பேசாமல் தாலி எடுத்துக்கொடுக்கவும் கூடாது. "தம்பி, அந்தப் பிள்ளைகிட்ட நீயே சொல்லு. சொல்லாம நான் இந்தக் கல்யாணத்தை நடத்தமாட்டேன். வா, ஆஸ்பத்திரி ஆலோசகர்கிட்ட நானும் கூட வர்றேன்" என்று அவனிடத்திலேயே சொல்லவேண்டும். இன்று அரசு மருத்துவமனைகளில் இதற்கு இலவச மருந்து உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டு நெடுநாள் வாழ்கிறவர்கள் அநேகர். உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்துபோகும் என்ற காலம் போயிற்று.

அன்பானவர்களே, அடுத்த முறை ஜெப விண்ணப்பம் சொல்ல எழும்பும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். இதைக் கேட்கிறவர்களில் யாருக்காவது இதை அறியாததால் ஆபத்து உண்டா? இல்லையென்றால் வியாதியின் பேரும் வேண்டாம், தெருவின் அடையாளமும் வேண்டாம். "ஒரு ஆத்துமாவுக்காக" என்றால் போதும். யாருக்காக என்று கர்த்தருக்குத் தெரியும்.

கர்த்தர் நம் வாய்க்குக் காவல் வைப்பாராக. ஆமென்.