கணுக்கால் அளவில் தொடங்குவோம்



பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரைப் பார்க்கிறார் இயேசு. குணமாக மனமிருக்கிறதா என்று கேட்கிறார். ஆம் என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. குணமாகக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை, தமக்கு முன் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று தம் தோல்விகளையே பதிலாகச் சொல்கிறார்.

வீடு சந்திக்க வரும்போது இதே பதிலை உங்களிடமிருந்தும் கேட்கிறேன். "நடந்து பார்த்தேன் சாமி, ஒரு வாரங்கூட தாங்கல." "இனிப்பை விட்டேன், கிறிஸ்துமஸ் வந்ததும் எல்லாம் போச்சு." மறுபடி தொடங்கி மறுபடி விட்டால் வீட்டார் சிரிப்பார்களே என்ற பயம். சர்க்கரை கூடியிருக்குமோ என்று இரத்தப் பரிசோதனைக்கே போகாதவர்களும் உண்டு. இயேசு அந்தக் குளத்தருகே இருந்தவரிடம் பழைய கணக்கு எதையும் கேட்கவில்லை. எழுந்து நடக்கச் சொன்னார்.

இன்றைய முதல் வாசகத்தில், ஆலயத்திலிருந்து புறப்பட்ட தண்ணீரில் எசேக்கியேல் நடத்திச் செல்லப்படுகிறார். முதல் 1,000 முழத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு. பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, அதன் பிறகே நடந்து கடக்க முடியாத ஆறு. நாமோ முதல் நாளே ஆற்றில் குதிக்கிறோம். ஒரு மணி நேர நடை, சோறே கிடையாது என்கிறோம். மூச்சு முட்டியதும் கரையேறி, நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறோம்.

கணுக்கால் அளவில் தொடங்குங்கள். இரவு சாப்பிட்டபின் தெருமுனை வரை நடங்கள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு கரண்டி கீரையைக் கூட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டபின் நடங்கள்.

2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு இரண்டு இலக்குகள் தரப்பட்டன: எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடலுக்கு வேலை கொடுப்பது. 24 வாரங்களில் எடை இலக்கை எட்டியவர்கள் பாதிப் பேர்தான். ஆனாலும் அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. அரைகுறை முயற்சி என்று நாம் ஒதுக்குவதும் பலன் தருகிறது.

போன தவக்காலத்தில் சொன்ன அதே பாவத்தோடு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருகிறவரைத் திருச்சபை திருப்பி அனுப்புவதில்லை. உங்கள் ஆன்மாமேல் ஆண்டவர் காட்டும் அந்தப் பொறுமையை உங்கள் உடல்மேல் நீங்கள் காட்டுங்கள். அதுவும் தூய ஆவியார் தங்கும் கோவில் என்று பவுல் கற்பிக்கிறார். நேற்று நடக்கவில்லையா? இன்று நடங்கள்.

குடும்பத்தாரே, முயல்கிறவரைக் கேலி செய்யாதீர்கள். ஆளில்லை என்று அவர் சொல்ல விடாமல் கூடவே நடங்கள். இந்தத் தவக்காலத்தில் அதையே உங்கள் அறச்செயலாக ஒப்புக்கொடுங்கள். ஆமென்.