ஆறு என்னுஞ் சொல்

'ஆறு' என்பது நீரொழுகும் நதிக்கும், மக்கள் செல்லும் வழிக்கும், ஓர் எண்ணிற்கும் பெயராய் வழங்குகின்றது. இவற்றுள் முன்னைய இரண்டும் ஒன்றினின்று ஒன்று பிறந்தன என்பார் பலர். பண்டை மாந்தர் நதிக்கரையையே வழியாகப் பற்றிச் சென்றமையின், நதியின் பெயர் நெறிக்கும் ஆயிற்று என்பது அவர் கொள்கை. கேட்டற்கு இனிதாயினும் இதனைச் சொல்வரலாறு தாங்கவில்லை.

பழைய நூல்களில் நதிப்பெயர் பெரும்பாலும் யகரத்தை முதலாகவுடைய 'யாறு' என்றே காணப்படும். வழிப்பெயரோ 'ஆறு' என்பது. யாமை ஆமையானவாறும், யாண்டு ஆண்டானவாறும் யாறு பின்னர் ஆறாயிற்று. தெலுங்கில் யானை ஏனுகு எனவும், யாண்டு ஏடு எனவும் நிற்றல்போல, யாறும் ஏறு என நிற்கும். எண்ணுப்பெயர் மட்டும் ஆங்கும் ஆறு என்பதே. பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் இம்மூன்றனையும் வெவ்வேறு சொற்களாகவே வைத்தது. திருவையாறு என்னும் ஊர்ப்பெயரில் உள்ள யகரம் அப்பழைய முதலெழுத்தோ, உடம்படுமெய்யோ எனப் பிரித்தறிதல் எளிதன்று; அது நிற்க.

இவ்விரண்டனையும் ஒன்றாக்குதலால் விளையும் ஏதம் ஒன்றுண்டு. ஆறெல்லாம் தாமே கடலைச் சேர்தல்போல, உயிரும் முயலாதே வீட்டைச் சேரும் என்று சோம்பியிருப்பார் உளர். முதற்கண் உவமையே பழுதுடைத்து. வைகை நீர் பெரும்பாலும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்குவது. பெருவெள்ளம் வந்தாலன்றிக் கடலைக் காணாது. மேலும், நீர் பள்ளம் நோக்கி அறிவின்றி ஓடுவது. வழியோ கிடந்தபடி கிடப்பது. அறிந்து நடப்பான் ஒருவனை வேண்டுவது. உயிர் சடமன்று, இச்சையும் ஞானமும் கிரியையும் உடையது.

அற்றேல், சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம், இறைவன் காட்டுதலேயன்றி உடனின்று காண்டலுஞ் செய்வான் எனக் கூறலின், நடையும் அவனதேயாகாதோ எனின், ஆகாது. கண் காணும்வழி உயிர் உடனின்று காண்கின்றது. அதனாற் கண்ணின் காட்சி ஒழிந்துபோவதில்லை. மூடிய கண்ணுக்கு அவ்வுதவி பயன்படுவதுமில்லை. அருள் உடனின்று காண்பதும் உயிர் காணுதற்பொருட்டே.

பதினோராந் திருமுறையிற் சேர்ந்த திருமுருகாற்றுப்படையின் பெயரிலுள்ள ஆறு, வழியென்னும் பொருட்டு. அதன்கண் முருகன் உறையும் இடங்களெல்லாம் எடுத்துரைக்கப்படுகின்றன. அவ்விடங்களுக்கு நடந்து செல்ல வேண்டியவன் அதனைக் கேட்டு நிற்பவனே.