கயிற்றின் மறுமுனை

நாயை நாள்தோறும் உலாவ அழைத்துச் செல்வது நாம் காட்டும் தயவா, செலுத்த வேண்டிய கடனா? வாயிலில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகையை மாட்டிவிட்டு, உள்ளே ஒரு நாயை ஆண்டுக்கணக்கில் சங்கிலியிலேயே வைத்திருக்கும் இல்லங்களைக் கடக்கும்போதெல்லாம் இவ்வினா நம்முள் எழுகின்றது. சட்டம் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. நமது நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதையும் வதையென்றே 11-ஆம் பிரிவில் கணக்கிடுகின்றது. கையோங்காத நல்லவர்களும் இப்பிரிவில் அகப்படுவர்!

கால்களுக்கு உழைப்புத் தந்தால் போதுமென்றும் எண்ணிவிடலாகாது. விளக்குக் கம்பத்தடியில் அது முகர்ந்து நிற்கையில் நாம் பொறுமையிழந்து இழுக்கின்றோம். அவ்வழியே வேறெந்த நாய் சென்றது என்பதை அது அங்கேதான் அறிகின்றது. நாம் விரித்த நாளிதழை ஒருவர் பாதியில் பிடுங்கினால் பொறுப்போமா?

ஆயினும் வீதி நம் நாய்க்கு மட்டும் உரியதன்று. அஞ்சி நிற்கும் குழந்தையிடம் "ஒன்றும் செய்யாது" என்று கூறுவது எளிது. கயிற்றைக் குறுக்கிப் பிடித்து நாம் ஒதுங்குவதே முறை. (கழிவை அள்ளுவது பற்றிப் படித்தவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கின்றது.)

நாய் இழுக்கும் திசையிலேயே நாம் பின்சென்றால், இழுத்தால் எண்ணியது கிட்டும் என்று அது கற்றுக்கொள்கின்றது. ஆகவே கயிறு விறைத்தவுடன் நிற்க வேண்டும். தளர்ந்தபின் நடக்க வேண்டும். நாள்தோறும் இவ்வாறே. தொடக்கத்தில் தெருமுனையை எட்டவே கால்மணி நேரம் ஆகலாம். பொறுமையின்றிக் கயிற்றை வேலையாளிடம் கொடுத்துவிடுவோரும் உண்டு. பிறகு அந்நாய் மாலைதோறும் செவிசாய்த்துக் காத்திருப்பது அவருடைய காலடி ஓசைக்கே.