சைப்பான் வழக்கு

போரின் பொருட்டும், மதத்தின் பொருட்டும், தேர்தலின் பொருட்டும் ஒரு தேசத்து ஜனங்கள் இரண்டுபடுவது சரித்திரத்தில் சாதாரணம். ஆனால் நாற்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த அயர்லாந்து, 2002 மே மாதத்தின் கடைசி வாரத்தில், பசிபிக் சமுத்திரத்தில் தன் ஜனங்களில் பெரும்பாலோர் அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு சிறு தீவில் ஒரு கால்பந்தாட்டக்காரருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் நடந்த சொற்போரின் பொருட்டு, வீட்டுக்கு வீடு இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதி வேடிக்கையாகவும் பாதி வினையாகவும் அதை உள்நாட்டு யுத்தம் என்றே அங்கே சொன்னார்கள். 1922ல் உண்மையான உள்நாட்டு யுத்தம் ஒன்றைக் கண்டு அதன் வடுவை இரண்டு தலைமுறை சுமந்த நாடு அது. சமரசத்துக்கு உதவத் தயார் என்று பிரதம மந்திரியே சொல்லும்படி ஆயிற்று. ஆட்ட மோகம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஜனங்களின் வாயில் அடிபட்டது மிகப் பழைய தர்மசங்கடம்: தன் பக்கம் நியாயம் இருக்கிற ஒருவன், அந்த நியாயத்தின் பொருட்டே தன் கூட்டத்தை விட்டுப் போகலாமா?

ராய் கீன் அப்போது அயர்லாந்து அணியின் தலைவர், கார்க் நகரத்துக்காரர், மான்செஸ்டர் யுனைட்டெட் அணிக்கும் அவரே தலைவர். 2001 செப்டம்பரில் டப்ளினில் நெதர்லாந்தை 1-0 என்று அயர்லாந்து வென்ற தகுதிச் சுற்று ஆட்டத்தில், தொடங்கிய நிமிஷத்திலேயே எதிரணியின் ஓவர்மார்ஸைத் தரையில் சாய்த்து, அன்றைய பொழுது யாருக்கும் இலகுவாக இராது என்று அறிவித்தவர். மிக் மெக்கார்த்தி பயிற்சியாளர். இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி ஊரில் ஐரிஷ் தகப்பனாருக்குப் பிறந்து, 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். இருவருக்கும் இடையில் மனத்தாங்கல் புதிதன்று. 1992ல் அமெரிக்கப் பிரயாணத்தின்போது, பாஸ்டனில், அணியின் பஸ்ஸுக்குத் தாமதமாக வந்த இளைஞர் கீனை மூத்தவரான மெக்கார்த்தி கண்டித்ததிலிருந்தே அது உண்டு.

ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கு முன்னால், உஷ்ணத்துக்குப் பழகவும் கொஞ்சம் இளைப்பாறவும் அணியைச் சைப்பான் தீவுக்கு அழைத்துப் போனார்கள். போய் இறங்கிப் பார்த்தால், பந்துகளும் பயிற்சிச் சாமான்களும் வந்து சேரவில்லை. மைதானமோ கால் வைத்தால் கணுக்கால் பிசகும்படி பாறையாகக் காய்ந்து கிடந்தது. கோல்காவலர்கள் தனியே கடும் பயிற்சி செய்து களைத்துப்போனதால், இறுதியில் நடந்த சிற்றாட்டத்தில் சேரவில்லை. அதன்பேரில் கீனுக்கும் அவர்களுக்கும் வார்த்தை தடித்தது. ஊருக்குப் போகிறேன் என்றார். பிறகு மனம் மாறி இருந்துவிட்டார். ஆனால் அந்த நாட்களிலேயே ஐரிஷ் டைம்ஸ் பத்திரிகைக்கு, ஏற்பாடுகளின் லட்சணத்தைப் பற்றி மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். மே 23ஆம் தேதி அது அச்சில் வந்தது. அன்றைய தினம் மெக்கார்த்தி அணி முழுவதையும் ஒரு கூடத்தில் கூட்டி, பேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும் கீனை விளக்கம் கேட்டார்.

அதற்குப் பின் நடந்ததை அங்கிருந்தவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள்; விவரங்களில் பேதம் உண்டு, சாராம்சத்தில் இல்லை. முந்தைய நவம்பரில் தெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக நடந்த இரண்டாவது தகுதி ஆட்டத்துக்குக் காயத்தைக் காரணம் காட்டிக் கீன் வராமலிருந்த விஷயத்தைப் பயிற்சியாளர் கிளப்பினார். வராதது வலியினாலா, மனம் இல்லாமலா என்ற சந்தேகம் அந்தச் சொல்லின் அடியில் ஒளிந்திருந்தது. கீன் எழுந்து, பல நிமிஷங்கள் மூச்சு விடாமல், இங்கே எழுதத் தகாத வார்த்தைகளால், மெக்கார்த்தியின் ஆட்டத்தையும் அவருடைய பயிற்சித் திறனையும் அவருடைய மனிதத் தன்மையையும் தூற்றித் தள்ளிவிட்டு வெளியேறினார். கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூன்றாவது கோல்காவலரான டீன் கீலி, நடுக்களத்தில் ஆள் வேண்டுமானால் நான் ஆடுகிறேன் என்று வேடிக்கையாகச் சொல்லி அந்த மௌனத்தைக் கலைத்தார் என்பார்கள். சிறிது நேரத்தில், தலைவரை ஊருக்கு அனுப்பியாயிற்று என்ற செய்தி உலகமெங்கும் போயிற்று.

கீன் போனாரா, அனுப்பப்பட்டாரா என்ற வழக்கில் இரு கட்சியாரும் இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த விசாரணை நடந்த இடத்தைப் பற்றியது. கீழே இருப்பவரின் குறையை மேலே இருப்பவர் இருபது பேர் பார்க்க விசாரிக்கும்போது, பதில் சொல்லுகிறவருக்கு இரண்டு வழிதான் மிஞ்சுகிறது: தாம் சொன்னதைத் தாமே விழுங்குவது, அல்லது கேட்டவரை வீழ்த்துவது. தனி அறையில் மூன்றாவதாக ஒரு வழி இருந்திருக்கும். நம்முடைய பாரதக் கதையில் துரியோதனன் விதுரரைச் சபை நடுவே பழித்ததும், அவர் தம் வில்லை ஒடித்துப் போட்டுவிட்டு யுத்தத்திலிருந்தே ஒதுங்கிக்கொண்டார்; பழிச்சொல்லால் ஓர் அம்புகூடக் குறையவில்லை என்று அரசன் நினைத்திருக்கலாம், குறைந்தது வில்லாளி. மெக்கார்த்தி கெட்டவர் என்று சொல்ல நியாயமில்லை. பொறுமையுள்ளவர், ஆட்டக்காரர்களிடம் அன்புள்ளவர் என்றே அவருடன் பழகியவர்கள் சொன்னார்கள். ஆனால் அன்று அவர் தேர்ந்தெடுத்த இடம் சமாதானத்துக்கு ஏற்ற இடம் அன்று; அதிகாரம் யாரிடம் இருந்ததோ, இடத்தைத் தேர்ந்தெடுத்த பொறுப்பும் அவரையே சேரும். விதுரருக்கும் கீனுக்கும் உள்ள வேற்றுமையையும் மறைக்கக்கூடாது. விதுரர் ஒருவரையும் வைதுவிட்டுப் போகவில்லை.

குறைகள் மெய்யா என்பதில் பிற்காலத்தில் சந்தேகம் இருக்கவில்லை. பிரயாணங்களில் அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தின் அதிகாரிகள் விமானத்தின் சௌகரியமான முன் ஆசனங்களிலும் ஆடப் போகிறவர்கள் பின்னால் கால் மடக்கியும் போவதைக் கீன் முன்னரே கண்டித்துவந்தார். சங்கம் தானே ஜெனிசிஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி விசாரிக்கச் செய்தது. அந்த அறிக்கை 2002 நவம்பரில் வெளியானபோது, ஏற்பாடுகளின் அலட்சியத்தையும் நிர்வாகத்தின் குளறுபடியையும் அது கண்டித்தது. சங்கத்தின் பொதுச் செயலாளர் பதவி விலகினார். கீனுடைய கட்சியார் இதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாதத்தில் அழுத்தமான ஓர் உண்மை இருக்கிறது: சின்ன நாடு, வந்ததே பெரிய காரியம், இருப்பதைக்கொண்டு சிரித்துச் சமாளிப்போம் என்ற நல்ல சுபாவம், மெத்தனமான அதிகாரிகளுக்கு எவ்வளவு காலமாய்க் குடை பிடித்து வந்திருக்கிறது என்பதை, அந்தச் சுபாவம் இல்லாத ஒருவர்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. பொறுமையை எல்லாச் சந்தர்ப்பத்திலும் உத்தம குணமாகப் போற்றுகிறவர்கள், அதனால் இளைப்பாறுகிறவர் யார் என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இருந்தும் ஜெனிசிஸ் அறிக்கை தீர்த்தது பாதி வழக்கைத்தான். மைதானம் கெட்டிருந்தது என்று நிரூபணமானால், மைதானம் கெட்டிருந்தது என்றுதான் அர்த்தம். கூட இருந்த 22 பேருக்குத் தலைவர் பட்ட கடன் அதனால் அடைந்துவிடாது. அந்த 22 பேரும் அதே பாறையில்தான் ஓடினார்கள், அதே விமானத்தின் பின் ஆசனங்களில்தான் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். கீனுக்குப் பதிலாகக் காலின் ஹீலியைச் சேர்க்க முயன்றபோது, பெயர்களைக் கொடுக்கும் கெடு கடந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டே அணி உலகக் கோப்பைக்குப் போயிற்று. அணியின் மூத்த ஆட்டக்காரர் நயல் குவின், சைப்பானுக்குப் புறப்படுமுன், மே மாதத்தின் மத்தியில் தம் கௌரவ ஆட்டத்தை நடத்தி, வசூலைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தார். கீன் அதற்கு வரவில்லை என்று முணுமுணுப்பும் எழுந்திருந்தது. அதே குவின்தான் பின்னர் இரு தரப்புக்கும் நடுவே ஓடியாடி இணக்கம் தேடினார். கேமரூனோடும் ஜெர்மனியோடும் 1-1 என்று சமன் செய்து, சவூதி அரேபியாவை 3-0 என்று வென்று, ஸ்பெயினிடம் பெனால்டிகளில் தோற்று அவர்கள் திரும்பினார்கள். கீன் இருந்திருந்தால் ஸ்பெயினை வென்றிருப்பார்களா என்பது முடிவில்லாத விவகாரம்; இருந்திருக்கவேண்டுமா என்ற கேள்விக்கு வென்றிருப்பார்களா என்பது பதிலாகாது. தலைவரென்ற பட்டை அவர் கையில் கட்டப்பட்டது சங்கத்தின் சார்பாகவோ மெக்கார்த்தியின் சார்பாகவோ மட்டும் அன்று. அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்த இளைஞர்களின் சார்பாகவும்தான்.

வழக்கின் நெஞ்சுப் பகுதி கூட்டம் நடந்த தினத்தில் இல்லை, அதற்குப் பின்வந்த நாட்களில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் திரும்பலாம் என்ற கதவு முற்றிலும் சாத்தப்படவில்லை. மே 27ஆம் தேதி ஐரிஷ் தொலைக்காட்சியின் டாமி கோர்மன் கீனைப் பேட்டி கண்டார். நிருபர் என்ற நிலையையே மறந்தவர்போல், நாட்டின் குழந்தைகளை நினைத்தாவது திரும்பும்படி கேட்டார். கீன் அசையவில்லை. மறுநாள், திரும்பப்போவதில்லை என்று அறிக்கை விட்டார். அணியினரும் பயிற்சியாளர் பக்கமே நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். மனத்தில் வருத்தம் இல்லாதவன் மன்னிப்புக் கேட்பது பொய் ஆகாதா என்று கீனின் பக்தர்கள் கேட்டார்கள். சத்தியத்தில் பிடிவாதமுள்ளவர்களை இந்தக் கேள்வி எப்போதும் வசீகரிக்கும். ஆனால் அது இரண்டு சங்கதிகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. சொன்ன விஷயத்திலிருந்து ஒரு மயிரிழையும் பின்வாங்காமல், சொன்ன விதத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கலாம். பந்து வரவில்லை என்ற உண்மை அதனால் பொய்யாகிவிடாது. பன்னிரண்டு வயது மூத்த ஒருவரை அவருடைய மாணவர்கள் பார்க்க வைதது தவறு என்று ஒப்புக்கொள்வதில், சுயமரியாதை நஷ்டமாவதற்கு எதுவும் இல்லை. கீனால் முடியாமற் போனது இந்தப் பிரித்தறிதல்தான். அதேபோல், தெஹ்ரானைக் கிளப்பியது முறையன்று என்று மெக்கார்த்தி முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வயதும் பதவியும் அவருக்குக் குறைந்திரா. அவரும் சொல்லவில்லை. இருவரில் குற்றம் யாருக்கு அதிகம் என்று அளந்து சொல்லியே தீரவேண்டுமானால், கூட்டத்தைக் கூட்டியவருக்கு முதற் குற்றமும், திரும்ப மறுத்தவருக்குப் பெரிய குற்றமும் என்று சொல்லலாம். இதை இரு கட்சியாரும் ஒப்பமாட்டார்கள்.

ரசிகர்கள் ஏன் இவ்வளவு உக்கிரமாகப் பிரிந்தார்கள் என்பதற்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. தான் வேலை செய்த இடத்தில் திறமையற்ற மேலதிகாரியின் கீழ்ப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், கீன் எழுந்து பேசியதில் தான் பேசாமல் விட்டதையெல்லாம் கேட்டான். மேலதிகாரி எப்படி இருந்தாலும் கூட வேலை செய்கிறவர்களை நட்டாற்றில் விடக்கூடாது என்று சுமையைத் தோளில் தாங்கியவனோ, தன் வாழ்நாள் சகிப்பை ஒருவர் முட்டாள்தனம் என்று ஏளனம் செய்வதாக உணர்ந்தான். ஒவ்வொருவனும் தன் வழக்கையே இன்னொருவர் பெயரில் நடத்தினான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் விட்டுப் போனவருக்கு விசுவாசமில்லை என்று ஏசிய வாய்கள், ஜெயித்துக் கொடுத்த நாட்களில் அவர் முழங்காலின் வலியைப் பற்றி ஒரு நாளும் விசாரித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

2002 நவம்பரிலேயே, ரஷ்யாவிடமும் சுவிட்சர்லாந்திடமும் தோற்ற பின், மெக்கார்த்தி பதவி துறந்தார். 2004 மே மாதத்தில், வேறொரு பயிற்சியாளரின் கீழ், ருமேனியாவுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தில் கீன் மறுபடி அயர்லாந்தின் பச்சைச் சட்டையை அணிந்தார். காலம் சென்று அவர் அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளரும் ஆனார். காயத்தால் பயிற்சிக்கு வராமல் நின்ற ஆட்டக்காரர்களோடு அவர் கடுமையாக வாதிட்டார் என்ற செய்தி 2018ல் கசிந்தது. வாக்குவாதம் நடந்ததைப் பயிற்சியாளர் மார்ட்டின் ஓநீலும் ஒப்புக்கொண்டார். அவர்களில் ஒருவரான ஹாரி ஆர்ட்டர் செப்டம்பரில் அணியிலிருந்து விலகி நின்று, அக்டோபரில் டென்மார்க்குக்கு எதிராகத் திரும்ப ஆடினார். நவம்பரில் ஓநீலும் கீனும் பதவியை விட்டுப் போனார்கள். அந்த இடத்துக்குச் சங்கம் சில நாட்களுக்குள் அழைத்துவந்தவர் மிக் மெக்கார்த்தி.