காண்பவனுக்கும் பங்கு உண்டா?

ஒரு தீவினை மூன்று வழிகளில் உயிரைப் பற்றுகிறது என்பர் அறவோர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு மனத்தால் உடன்படல் என்பன அவை. முதல் இரண்டையும் உணர்வது எளிது. கொன்றவன் யார், ஏவியவன் யார் என்பதை உலகமே காட்டிவிடும். மூன்றாவதோ உள்ளத்துக்குள் நிகழ்வது. அதற்கு வேறு சாட்சி இல்லை. அதனை ஆராய, பயணிகள் எவரும் எவ்வுயிரையும் கொல்லாத ஓர் இன்பச் சுற்றுலாவையே எடுத்துக்கொள்வோம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து நமீபியா, போட்ஸ்வானா நாடுகளின் வழியாக ஜிம்பாப்வேயின் விக்டோரியா நீர்வீழ்ச்சி வரை, குழுவாகச் செல்லும் கூடாரப் பயணங்கள் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றன. இருக்கைகள் பொருத்தப்பெற்ற பெரிய லாரி ஒன்றில் இருபது பேர் அளவில் ஏறிக்கொள்வர். ஏறத்தாழ மூன்று வாரப் பயணம். கூடாரத்தை அவரவரே அடித்து, அவரவரே மடித்து வைத்தல் வேண்டும். காய்கறி நறுக்குதல், பாத்திரம் கழுவுதல் முதலியன முறைவைத்து நடைபெறும். ஒரு பைக்குள் அடங்குவனவே உடைமைகள். மாலையில் தணலில் புலால் வாட்டப்படும். அதனை உண்ணாதார் முன்னரே தெரிவித்துவிட்டால் மரக்கறி உணவு கிடைத்துவிடும். ஆகவே, உண்கலத்தைத் தூயதாக வைத்துக்கொள்வது அங்கு அரிதன்று. மனத்தைத் தூயதாக வைத்துக்கொள்வதே அரிது.

நமீபியாவின் வடபகுதியில் எடோஷா என்னும் வனவிலங்குக் காப்பகம் உள்ளது. 1907-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. அதன் நடுவே வெண்ணிற உப்புப் பாலைவெளி பரந்து கிடக்கிறது. மழையற்ற மாதங்களில் விலங்குகள் யாவும் எஞ்சிய சில நீர்நிலைகளை நாடியே வந்தாக வேண்டும். ஒகாகுவேயோ என்னும் தங்குமிடத்தில், தாழ்ந்த மதிலுக்கு அப்பால் அத்தகைய நீர்நிலை ஒன்று இரவு முழுவதும் விளக்கொளியில் விளங்குகிறது. பயணிகள் பேச்சடக்கி அமர்ந்திருப்பர். யானைகள் வந்து நீர் அருந்திச் செல்லும், காண்டாமிருகமும் வரும். காண்போர் உள்ளம் கனிந்துவிடும்.

ஆனால், பெண்சிங்கம் ஒன்று புல்லில் பதுங்குமாயின் அக்கூட்டத்தின் உள்ளத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. புகைப்படக் கருவிகள் உயர்கின்றன. வரிக்குதிரை இன்னும் சற்று அருகில் வரவேண்டும் என்று மனம் விழைகிறது. சிங்கத்தின் வேட்டை முயற்சிகளுள் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடியும். அவ்வாறு முடியும்போது, ஓர் உயிர் பிழைத்தது என்று மகிழ்வதற்கு மாறாக, காட்சி தவறியதே என்று வருந்துவோர் உளர். அந்த வருத்தத்தைத்தான் நாம் ஆராய்தல் வேண்டும்.

“இஃது இயற்கையின் நியதி, நான் விரும்பினும் விரும்பாவிடினும் சிங்கம் கொல்லத்தான் போகிறது” என்று ஒருவர் கூறலாம். உண்மையே. நம் விழைவால் அந்த வரிக்குதிரையின் விதி மாறுவதில்லை. மாறுவது நாம்தான். சிங்கம் தன் பிறப்பின் கட்டுக்குள் நின்று வாழ்கிறது. அதற்கு வேறு உணவில்லை. பசியால் அது செய்வதை நாமோ பொழுதுபோக்காக வேண்டி நிற்கிறோம். அந்த விழைவுக்குப் பசி என்னும் காரணமும் இல்லை.

இவ்விழைவு மனத்தளவில் நின்றுவிடுவதும் இல்லை. உடன்படுதலுக்கும் செய்வித்தலுக்கும் இடையே மெல்லிய கோடுதான் உண்டு. எடோஷாவில் வண்டிகள் பாதையை விட்டு விலகலாகாது என்பது விதி. “இன்னும் சற்று அருகில் செலுத்துங்கள்” என்று ஓட்டுநரை நெருக்குபவர் அக்கோட்டைத் தாண்டுகிறார். பதுங்கியிருக்கும் விலங்கை வண்டிகள் சூழ்ந்துகொண்டால், இரையும் கலையும். குட்டிகளுக்கு உணவு தேடும் தாயும் பசியோடு திரும்பும். இருபாலும் துன்பம் விளைகிறது.

மறுபக்கமும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. பயணிகள் செலுத்தும் கட்டணம் காப்பகங்களைப் பேணத் துணைசெய்கிறது. போட்ஸ்வானா அரசு 2014-ஆம் ஆண்டில் பொழுதுபோக்கு வேட்டையைத் தடைசெய்து, 2019-இல் அத்தடையை நீக்கியது. யானைகளால் உழவர்க்கு நேரும் இழப்பும், வேட்டையால் கிட்டும் வருவாயும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே காப்பகத்தில் பலரும் கண்டு மகிழ்ந்த செசில் என்னும் சிங்கம், 2015-இல் காப்பகத்துக்கு வெளியே, பணம் செலுத்திய வேட்டைக்காரர் ஒருவரால் கொல்லப்பட்டது. துப்பாக்கிக்கு மாற்றாகக் காண்போரின் கண்கள் அங்கே வருவாய் தருமாயின் அது நன்றே. ஆகவே செல்லலாகாது என்பது நம் முடிவன்று. எவ்வாறு காண்பது என்பதே வினா.

நான்கு பாவனைகளை நம் முன்னோர் வகுத்தனர். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, நற்குணம் உடையாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், நம்மால் திருத்த இயலாதவற்றிடத்து நடுநிலை என்பன அவை. வரிக்குதிரை தப்ப வேண்டும் என்று வேண்டினால் சிங்கக்குட்டி பசித்திருக்கும். சிங்கம் வெல்ல வேண்டும் என்று வேண்டினால் ஓர் உயிர் மாயும். இவ்விடத்தில் நமக்குரியது நடுநிலையே. நடுநிலை என்பது இரக்கமின்மை அன்று. இருபால் துயரையும் அறிந்து, ஒன்றிலும் இன்பம் தேடாதிருத்தல். வர்த்தமானரின் முற்பிறப்புகளுள் ஒன்று சிங்கப் பிறப்பு என்பதை நினைவிற்கொள்வோர்க்கு, அச்சிங்கமும் இகழத்தக்க உயிராகத் தோன்றாது.

இஃது ஆப்பிரிக்கக் காட்டுக்கு மட்டும் உரிய பாடமன்று. இல்லத்தில் அமர்ந்து தொலைக்காட்சியில் அதே வேட்டையைக் காணும் நம் சிறுவர்கட்கும் உரியது. “எது வென்றது?” என்று அவர்கள் கேட்பார்களாயின், “எதற்கு என்ன நேர்ந்தது?” என்று கேட்கப் பழக்குவோமாக. கையால் கொல்லாதிருத்தல் நம் குடும்பங்களில் வழிவழி வந்த செல்வம். கண்ணாலும் கொல்லாதிருத்தலை ஒவ்வொருவரும் புதிதாக ஈட்டிக்கொள்ளல் வேண்டும்.